முத்தரசியின் துரு

தேசப்பனின் உயிருக்கு முந்நூற்றைம்பது ரூபாய் விலை வைத்தவர் அவனைப் பெற்ற அப்பாதான். ஐந்நூறு என்று மனத்துக்குள் நினைத்துத்தான் மடியில் கைவிட்டார். கை வெளியே வருவதற்குள் நூற்றைம்பது குறைந்துவிட்டது. பரம்பரை வியாபாரி. பிள்ளை ஈரம் சொட்டச் சொட்ட எதிரே நின்றாலும், நினைத்த விலையை முழுசாகச் சொல்ல அவருக்கு வாய் வராது.

நடந்தது எண்பதாம் வருஷம். ராயபுரத்தில் அவர்களுக்குப் பழைய கப்பல் சாமான் கடை. கயிறு, சங்கிலி, கப்பி, பித்தளை விளக்கு என்று கப்பலில் கழித்துப் போடுகிற எதையும் எடைபோட்டு வாங்கி, ஒவ்வொன்றாக எண்ணி விற்பார்கள். துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டிருந்த ஒரு கப்பலுக்கு அப்பாவும் பிள்ளையும் லாஞ்சில் போயிருந்தார்கள். நாற்பது ரூபாய்க்கு அடித்துப் பேசி வாங்கிய பித்தளை விளக்கை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையால் நூலேணியில் இறங்கியபோது தேசப்பன் வழுக்கிக் கடலில் விழுந்தான். விளக்கை விட்டிருந்தால் மிதந்திருப்பான். பேரம் பேசி வாங்கிய பொருளைக் கடலுக்குச் சும்மா கொடுக்க மனசு வரவில்லை. மூச்சு முட்டி அதை விட்டபோது அலை அவனை லாஞ்சுக்கு எட்டாத தூரத்துக்குத் தள்ளியிருந்தது.

நல்ல வேளையாக அந்தப் பக்கம் முத்தரசி வந்தது. பெரிய கப்பல்களைக் கயிறு கட்டித் துறைமுகத்துக்குள் இழுத்து வருகிற இழுவைப் படகு. குட்டை உடம்பு, பெரிய தோள், பக்கமெல்லாம் இடி தாங்கும் லாரி டயர்கள். தேசப்பனின் கைக்கு அந்த டயர்களில் ஒன்று தட்டுப்பட்டது. கட்டிக்கொண்டான். மேலிருந்து ஒரு கை வந்து அவன் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கியது. கைக்குச் சொந்தக்காரர் ஸ்டானிஸ்லாஸ், அந்தப் படகின் செராங்கு. கயிறு, சங்கிலி, பெயிண்டு என்று மேல்தட்டில் நடக்கும் எல்லா வேலைக்கும் அவர்தான் தலைவர்.

கரைக்கு வந்ததும் அப்பா கேட்ட முதல் கேள்வி, “வெளக்கு எங்கடா?” இரண்டாவதாகத்தான் மடியில் கைவிட்டார்.

ஸ்டானிஸ்லாஸ் நோட்டுகளைப் பார்த்தார், பிறகு பையனைப் பார்த்தார். “வேணா நைனா. இவன் போற போக்குக்கு இன்னொரு தபா வுழுவான். அப்ப ரெண்டுக்கும் சேத்து வாங்கிக்கறேன்” என்றார்.

அப்பா நோட்டை அதிக நேரம் நீட்டிக்கொண்டிருக்கவில்லை.

அந்தக் கடையில் இரண்டு வழக்கங்கள் உண்டு. நல்ல வாடிக்கைக்காரனிடம் கணக்கை முழுசாகத் தீர்க்கக் கூடாது. அஞ்சோ பத்தோ நிற்க வேண்டும், அதைச் சாக்காக வைத்து அவன் மறுபடி வருவான். இரண்டாவது, பழுதுபார்க்க வந்த சாமான் கூலியின் கடைசி ரூபாய் வரும்வரை கடைப்படி தாண்டாது. கம்பெனிக்காரன் காரில் வந்து நின்றாலும் தாண்டாது. இந்த இரண்டுக்கும் நடுவில் வளர்ந்த தேசப்பனுக்கு, முழுத் தொகையும் அப்படியே நிற்கிற ஒரு கணக்கை என்ன செய்வது என்று தெரியவில்லை.

கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்க்கலாம் என்று பார்த்தான். தீபாவளிக்குச் செராங்கு வீட்டுக்கு வேட்டி அனுப்பினால் கிறிஸ்துமஸுக்கு அதே கடையின் அதே கரை வேட்டி அவனைத் தேடி வந்தது. பொங்கலுக்கு வெல்லம் போன தூக்குப் பாத்திரம் ஒருநாளும் காலியாகத் திரும்பியதில்லை. செராங்கின் மனைவி சிலுவையம்மாள் அதில் வஞ்சிரம் நிரப்பி அனுப்பினாள். வெல்லம் என்ன விலை, வஞ்சிரம் என்ன விலை? அவர்கள் மகள் கல்யாணத்துக்கு அவன் மோதிரம் போட்டால், அவன் மகனுக்குக் காது குத்தும்போது அதே எடையில் ஒன்று வந்தது. அப்பாவும் போய்ச் சேர்ந்தார். கூட்டிக் கழித்துப் பார்த்தால் வருஷத்துக்கு வருஷம் தேசப்பனின் பற்றுதான் ஏறிக்கொண்டிருந்தது. இந்த ராயபுரத்தில் தன்னை வியாபாரத்தில் ஜெயித்த ஒரே ஆள் வியாபாரமே தெரியாத இந்த மனுஷன்தான் என்று அவனுக்கு ஆற்றாமை. ஆற்றாமை என்று அவன் சொல்லிக்கொண்டான். உள்ளே இருந்தது வேறு. அதற்குக் கடைப் பாஷையில் வார்த்தை இல்லை.

இதற்கிடையில் அவனுக்கு ஒரு பைத்தியம் பிடித்திருந்தது. ஏதோ வெளிநாட்டுக் கப்பலில் எடைக்கு வாங்கிய பழைய காகிதக் கட்டில் ஒரு கத்தைப் பத்திரிகை கிடந்தது. கப்பல்களைச் சின்ன அளவில் அச்சு அசலாகச் செய்பவர்களுக்கான பத்திரிகை. எழுத்து பாதி புரியவில்லை, படம் முழுக்கப் புரிந்தது. கடைக்கு மேலே பரணில் உட்கார்ந்து ஆரம்பித்தான். முதலில் செய்ததைக் கப்பல் என்று அவன் மனைவி கெங்கம்மா ஒப்புக்கொள்ளவே இல்லை. குளியலறைக்குக் கொண்டுபோய் அதில் சோப்பு வைத்துவிட்டாள். நாலாவது கப்பலுக்கு அவளே அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டுக் காட்டினாள். காலி ரீபிள் குழாய் புகைபோக்கி ஆயிற்று, எக்ஸ்ரே பிலிம் ஜன்னல் கண்ணாடி ஆயிற்று, மோட்டார் காயில் கம்பி கைப்பிடி ஆயிற்று. அவள் கொண்டை ஊசிகள் என்ன ஆயின என்று அவளும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. அந்தக் கடையில் விலை போடாத சரக்கு பரண் அலமாரியில் இருந்த அந்தக் கப்பல்கள்தான்.

இரண்டாயிரமாவது வருஷம் முத்தரசியை ஏலம் விட்டு உடைத்தார்கள். ஸ்டானிஸ்லாஸ் அதற்கு முந்தின வருஷமே ஓய்வுபெற்றிருந்தார். ஏலச் சரக்கில் ஒரு பங்கு தேசப்பன் கடைக்கு வந்தது. அதில் கிடந்த முத்தரசியின் நங்கூரச் சங்கிலித் துண்டைப் பார்த்த நிமிஷம் அவனுக்குப் புரிந்துவிட்டது. வேட்டிக்கு வேட்டி திருப்பித் தரலாம், மோதிரத்துக்கு மோதிரம் திருப்பித் தரலாம். முத்தரசிக்கு முத்தரசி அந்த மனுஷனால் எங்கிருந்து வாங்கித் தர முடியும்? ஐம்பதில் ஒரு பங்கு அளவில் அதைச் செய்து கொடுத்துவிட வேண்டியதுதான். இதையும் அவர் வாங்கிக்கொள்ளவில்லை என்றால் தன்னிடம் கொடுக்க வேறொன்றும் இல்லை என்பதும் அப்போதே தெரிந்தது.

வரைபடம் கிடைக்கவில்லை. ஆயுத பூஜையன்று மாலை போட்டு வலது பக்கமாக எடுத்த ஒரே ஒரு போட்டோ கிடைத்தது. மிச்சமெல்லாம் செராங்கின் தலைக்குள் இருந்தது. நேராகக் கேட்டால் குட்டு உடைந்துவிடும். சந்தையில் ஒரு சரக்கின் நிஜ விலையை அறிய அவன் செய்கிற வேலையையே இங்கும் செய்தான்: தப்பான விலையைச் சத்தமாகச் சொல்வது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஸ்டானிஸ்லாஸ் காசிமேட்டு டீக்கடைக்கு வருவார். பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வான்.

“முத்தரசி பொகைக்கூண்டுல ரெண்டு மஞ்சப் பட்டைதான அண்ணே?”

“இன்னாது, ரெண்டா? கண்ணு அவிஞ்சா பூட்ச்சு ஒனுக்கு? ஒரே பட்டை. அதுக்குக் கீழ ஒரு வெள்ளக் கோடு.”

இப்படியே இரண்டு வருஷம் தேசப்பன் தப்புத் தப்பாகப் பேசினான். ஏணி எந்தப் பக்கம், கொக்கி எந்த உயரம், கண்டாமணி எங்கே தொங்கியது என்று ஒவ்வொரு டீக்கும் ஒரு தப்பு. ஒவ்வொரு தப்புக்கும் திட்டோடு சேர்த்துச் சரியான அளவு கிடைத்தது. டயர்களைப் பற்றி மட்டும் அவன் கேட்கவில்லை. டயரில் கேட்க என்ன இருக்கிறது? அதில் ஒன்றைக் கட்டிப்பிடித்தவன் அவன். பழைய கார்புரேட்டரின் சின்ன ரப்பர் வளையங்களைத் தையல் நூலில் கட்டி, போட்டோவில் வலது பக்கம் தொங்கியபடியே இடது பக்கமும் வரிசை பிசகாமல் தொங்கவிட்டான்.

கடைசியில் துரு.

பத்திரிகைக்காரர்கள் ஒரு விஷயத்தில் கறாரானவர்கள். பளபளவென்று இருந்தால் அது பொம்மை. உப்புக்காற்றும் உழைப்பும் தெரிந்தால்தான் கப்பல். தேசப்பன் அதற்கென்று ஒரு வித்தை வைத்திருந்தான். கடையில் கிடந்த முத்தரசியின் சொந்தச் சங்கிலியிலிருந்தே துருவைச் சுரண்டி, மல் துணியில் சலித்து, தண்ணீர்ப் பசையில் குழைத்து ஒற்றை முடித் தூரிகையால் தடவினான். சங்கிலி இறங்குகிற நங்கூரக் கண்ணுக்குக் கீழே நீளமாக ஒரு ஒழுக்கல், தண்ணீர் வடியும் ஓட்டைகளுக்குக் கீழே மெல்லிசாகச் சில. இரண்டு மாதம் இந்தத் துருவே வேலை. அவன் செய்ததிலேயே உசத்தி அதுதான்.

கெங்கம்மா பார்த்துவிட்டு, “பொண்ணுக்குச் சீரு வெக்கறவன் அண்டாவத் தேச்சுக் குடுப்பானா, கரியோட குடுப்பானா?” என்றாள்.

இதெல்லாம் உனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டான்.

இரண்டாயிரத்து மூன்று, பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை. கப்பலை வேட்டியில் சுற்றி, ஆட்டோவில் மடிமேல் வைத்து, பனைமரத்தொட்டியில் இருக்கும் செராங்கு வீட்டுக்குக் கொண்டுபோனான். ஆட்டோக்காரனிடம் பேரம் பேசவில்லை. மெதுவாகப் போ என்று மட்டும் கெஞ்சினான்.

துணியை விலக்கியதும் சிலுவையம்மாள் சிலுவை போட்டுக்கொண்டாள். ஸ்டானிஸ்லாஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். சுக்கான் அறை, இழுவைக் கொக்கி, மணி என்று ஒவ்வொன்றிலும் அவர் கண் நின்று நின்று நகர்ந்தது. உதடு ஏதோ முணுமுணுத்தது. தேசப்பனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அப்போது அவர் பார்வை பக்கவாட்டுக்கு வந்தது. முகம் மாறியது.

“யாரு போட்டு இது?”

“நம்ம முத்தரசிண்ணே.”

“என் போட்டு இல்ல.”

அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை என்று இருந்தது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இன்ஜின் கிளம்பும் முன் சுத்தியலோடு பக்கம் பக்கமாகத் தட்டி, துரு முளைக்கிற இடத்திலேயே உதிர்த்து, ரெட் ஆக்சைடு பூசி, அதன்மேல் கறுப்பு பூசி வைத்திருந்த படகு என்று சொன்னார். மழை நாளில் பெயிண்டு காயாது என்று லீவு போடாமல் போய் விசிறிக்கொண்டு நின்றதைச் சொன்னார். தன் பிரசவத்துக்குக்கூடத் தாமதமாக வந்தவர் என்று சிலுவையம்மாள் தன் பங்குக்குச் சொன்னாள்.

“துரு வுட்டவன் செராங்கே இல்ல. நான் செத்த அப்பாலிக்கு இத்தப் பாக்கறவன் இன்னா சொல்லுவான்? சோம்பேறி ஒருத்தன் வெச்சிருந்த போட்டுன்னுவான். எத்துனு போ தேசப்பா.”

தேசப்பனுக்கு அப்போதுதான் உறைத்தது. அவன் சுரண்டி எடுத்த துரு, முத்தரசி ஆள் இல்லாமல் ஏலத்துக்காக ஓரமாய்க் கிடந்த மாதங்களில் பிடித்தது. செராங்கு இருந்தவரை எட்டிப்பார்க்காத துரு. உயிரோடு இருந்த படகைக் கொடுக்க நினைத்து அதன் பிணத்தைச் செய்து கொண்டுவந்திருக்கிறான். கெங்கம்மாவின் அண்டா கண்முன் வந்து நின்றது.

வேட்டியை எடுத்து மறுபடி சுற்றப் போனான். சுற்றினால் தீர்ந்தது, இனி கொடுக்க ஒன்றும் இல்லை. கை பாதியில் நின்றது. புத்திக்கு முன்னால் வாய் விழித்துக்கொண்டது. அந்தக் குடும்பத்தில் எப்போதும் அப்படித்தான்.

“வேணான்னா வேணா. ஆனா இத்த இப்பிடியே நான் வெச்சுக்க முடியாது. சுத்தம் பண்ணிக் குடுக்க இன்னா கூலி கேப்பீங்க?”

“கிண்டலா?”

“வேலைதான் குடுக்கறேன். சும்மா இல்ல, கூலிக்கு.”

ஸ்டானிஸ்லாஸ் அவனை முறைத்தார். பிறகு படகைப் பார்த்தார். நங்கூரக் கண்ணுக்குக் கீழே இருந்த ஒழுக்கலைப் பார்த்தார். மூன்று வருஷமாகத் தட்டுவதற்குப் படகு இல்லாத மனுஷன். வலது கை விரல்கள் அவரைக் கேட்காமலே மடங்கி நீண்டன.

“கணக்கு சொன்னா பேரம் பேசுவே.”

“பேச மாட்டேன்.”

சிலுவையம்மாள் இதற்குத்தான் சிரித்தாள்.

கப்பலை அங்கே விட்டு தேசப்பன் வெறுங்கையோடு வீட்டுக்கு நடந்தான். இரண்டு மாத வேலை சுரண்டலுக்குப் போகிறது. போகட்டும் என்றான். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி போகட்டும் என்றான்.

மாசி பிறந்த பிறகு செராங்கு வீட்டிலிருந்து ஆள் வந்தது. போனான். முத்தரசி கூடத்து மேஜையில் இருந்தது. பத்திரிகைக்காரன் எவனாவது பார்த்திருந்தால் மயங்கி விழுந்திருப்பான். பெயிண்டு அப்பளத் தடிமனுக்கு ஏறியிருந்தது. பக்கத் தகடுகளில் தேசப்பன் ஒவ்வொன்றாக ஊசி முனையில் வைத்த ஆணித் தலைகள் எல்லாம் முழுகிப்போயிருந்தன. ஜன்னல் ஓரங்களில் வெள்ளை வழிந்திருந்தது. கறுப்பு உடம்பு, சிவப்பு அடி, புகைபோக்கியில் ஒரே மஞ்சள் பட்டை, கீழே வெள்ளைக் கோடு. ஆயுத பூஜை போட்டோவில் மாலைக்குப் பின்னால் மின்னிய அதே மினுக்கல். தேசப்பனுக்கு அழுகையும் வந்தது, வேறொன்றும் வந்தது. எது எது என்று பிரிக்க முடியவில்லை.

அப்போதுதான் கவனித்தான். இடது பக்கத்தில் மூன்றாவது டயர் மற்றதைவிடக் கீழே தொங்கியது. பெயிண்டு அடிக்கையில் நூல் நழுவியிருக்க வேண்டும். சரிசெய்யக் கையை நீட்டினான். கையில் ஒரு அடி விழுந்தது.

“அத்தத் தொடாத” என்றார் ஸ்டானிஸ்லாஸ். “நீதான் தப்பாக் கட்டி வெச்சிருந்தே. நான்தான் இப்ப சரியாக் கட்டி வெச்சேன்.”

“கோணலா கீதேண்ணே.”

“கோணல்தான். டயரு எல்லாம் மேலதான் தொங்கும், தண்ணியில கெடக்கறவனுக்கு எட்டாது. நீ முங்கி முங்கி வந்துகினு இருந்தப்ப நான் முடிச்ச அவுத்து அந்த ஒண்ண மட்டும் எறக்கி வுட்டேன். அதப் புடிச்சுத்தான் நீ தொங்குனே.”

“அப்புறம் ஏத்தலியா?”

“கேப்டன் கூடக் கேட்டாரு, வரிசை அசிங்கமா கீது, ஏத்துயான்னு. ஏத்தறேன் ஏத்தறேன்னு சொல்லிக்கினே ரிட்டயராயிட்டேன்.” கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். “இன்னொருத்தன் வெளக்கோட வுழுந்தான்னா?”

அந்த டயர் ஒரு முழம் கீழே தொங்கியபடியே முத்தரசி அத்தனை வருஷம் துறைமுகத்துக்குள் போய் வந்திருக்கிறது. கரையிலிருந்து தேசப்பனும் பார்த்திருக்கிறான், ஆயிரம் தடவை பார்த்திருப்பான். ஆணித் தலையை எண்ணத் தெரிந்தவனுக்கு அது கண்ணில் படவில்லை. ஒருநாள் காலரைப் பிடித்துத் தூக்கியதோடு அந்த உதவி முடிந்துவிட்டதென்று இவன் கணக்கு வைத்திருந்தான். அது முடியவே இல்லை. தினமும் காலையில் செராங்கு அந்த முடிச்சைத் தடவிப் பார்க்கப் பார்க்க அது நடந்துகொண்டே இருந்திருக்கிறது. தராசில் இதற்கு எதிர்த் தட்டில் எதை வைப்பது?

சிலுவையம்மாள் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். டம்ளரை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

“நான் போட்டு செய்யறேன்னு ஒங்களுக்கு முன்னாடியே தெரியுமாண்ணே?”

“ரெண்டு வருசமா டீக்கடைல குந்திக்கினு ஒருத்தன் தப்புத் தப்பா ஒளறுனா? டீக்காசும் நீயே குடுத்தே. அப்பவே சந்தேகம்.”

பிறகு தேசப்பன் கூலி எவ்வளவு என்று கேட்டான்.

ஸ்டானிஸ்லாஸ் நிமிர்ந்து உட்கார்ந்தார். இருபத்துமூன்று வருஷத்தில் அவர் அவனிடம் காசு கேட்பது இதுதான் முதல் தடவை. அதைக் கொஞ்சம் அனுபவித்துத்தான் சொன்னார். “பெயிண்டு நாலு டப்பா தொண்ணூத்தி ரெண்டு. பிரஷ்ஷு பதினெட்டு. தின்னரு, உப்புத்தாள் பதினஞ்சு. கூலி எரநூத்தி இருவத்தஞ்சு. ஆக மொத்தம் முந்நூத்தி அம்பது. பேரம் பேச மாட்டேன்னு நீ சொல்லிகீறே.”

தேசப்பன் அவர் முகத்தைப் பார்த்தான். முகம் கல்லுப்பிள்ளையார் மாதிரி இருந்தது. மீசையின் ஒரு ஓரம் மட்டும் துடித்தது. அப்பா நீட்டிய தொகையை மனுஷன் மறக்கவில்லை. பையில் கைவிட்டு மூன்று நூறும் நாலு பத்தும் எடுத்து மேஜையில் வைத்தான்.

“முந்நூத்தி நாப்பது. பத்து ரூவா நிக்குதுண்ணே.”

பையில் இன்னும் நோட்டு இருந்ததை இரண்டு பேருமே பார்த்தார்கள்.

“பேரம் பேச மாட்டேன்னியே.”

“இது பேரம் இல்ல, பாக்கி. பாக்கி நிக்கறவரைக்கும் வேலைக்கு வந்த சரக்கு வெளிய போவக் கூடாது. எங்க கடைல அப்பா காலத்து வழக்கம். மீறச் சொல்லாதீங்க.”

ஸ்டானிஸ்லாஸ் நோட்டுகளைப் பார்த்தார், படகைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். விஷயம் மெல்ல அவருக்குள் இறங்குவது தெரிந்தது.

“பாக்கி எப்பத் தருவே?”

“வர்றப்ப போறப்ப பாக்கலாம்.”

“திருட்டுப் பய நீ. ஒங்கப்பன் எவ்வளவோ தேவலை” என்றார். பிறகு எழுந்து முத்தரசியை இரண்டு கையாலும் தூக்கினார். மாதா படத்துக்குக் கீழே பலகையில் இருந்த பிளாஸ்டிக் பூவைச் சிலுவையம்மாள் அவசரமாக ஒதுக்க, டயர் தொங்குகிற இடது பக்கம் வாசலைப் பார்க்கும்படி படகை அங்கே வைத்தார். “பத்து ரூவா வராம இது இங்கேந்து நவுறாது. தெரிதா?” என்று விரலை நீட்டி எச்சரித்தார்.

தெரிகிறது என்றான்.

புறப்படும்போது சிலுவையம்மாள் தூக்குப் பாத்திரத்தைக் கையில் கொடுத்தாள். கனத்தது, வஞ்சிரமாகத்தான் இருக்கும். முன்பெல்லாம் அந்தக் கனம் அவனுக்குக் குறுகுறுவென்று இருக்கும். இன்றைக்கு இல்லை. பனைமரத்தொட்டியிலிருந்து கடைவரை நடந்தே போனான். போகிற வழியில், பழக்க தோஷம், மனத்துக்குள் கணக்கைப் போட்டு முடித்தான்.

செராங்கின் கூலி முந்நூற்றைம்பது. கொடுத்தது முந்நூற்று நாற்பது. நிற்பது பத்து ரூபாய். தீர்க்கிற உத்தேசம் இல்லை. தூக்கு நிறைய வஞ்சிரம், எடை போடவில்லை. ஒரு முழம் இறக்கிவிட்ட டயர் ஒன்று, பற்றில், விலை போடவில்லை.